திருப்பி எடுத்தவள் தலையிலா பொறுப்பு?



தொலைபேசியில் ஒருவருக்கு அழைப்பு எடுத்தால் அதற்கான பணம் எமது தொலைபேசிக் கம்பனிக்குப் போகிறது என்றுதான் எம்மில் அநேகர் நினைத்திருக்கிறோம். சாதாரண அழைப்புக்கு அது பெரும்பாலும் சரி. ஆனால் உலகில் வேறு ஒரு வகை இலக்கங்களும் இருக்கின்றன. அவற்றுக்கு எடுத்தால் நிமிடத்துக்குக் கூடிய கட்டணம் அறவிடப்படும். அதில் ஒரு பங்கு அந்த இலக்கத்தை வைத்திருப்பவரின் கைக்கே போய்ச் சேரும். சோதிடம், போட்டி, வாக்களிப்பு, விளையாட்டு முடிவு என்று பல சேவைகள் இந்த முறையில் நடத்தப்படுகின்றன. கட்டணத்தை முன்கூட்டியே சொல்லி, விரும்பியவர் எடுக்கட்டும் என்று விட்டால் அது வியாபாரம். கட்டணத்தை மறைத்து, எடுக்கும்படி தூண்டினால் அது மோசடி.

இந்த மோசடியில் பணத்தை இழந்தவள் எங்கே போய் முறையிடுவது, சட்டப்படி யார் பொறுப்பு என்பதைப் பற்றியே இம்முறை எழுதுகிறேன்.

திருகோணமலையில் மகளிர் சங்கம் ஒன்றில் வாரத்தில் இரண்டு நாட்கள் கடிதமும் முறைப்பாடும் எழுதிக் கொடுப்பது என் வேலை. காணாமற்போனோர் பற்றிய மனுக்கள், காணி உறுதி, விதவைகள் ஓய்வூதியம், சுனாமி வீட்டுப் பிரச்சினை, நுண்கடன் என்று பலவும் என் மேசைக்கு வந்திருக்கின்றன. அண்மைய வருடங்களில் கையடக்கத் தொலைபேசியை நீட்டிக்கொண்டு வருபவர்களும் சேர்ந்திருக்கிறார்கள். "இதில கிடந்த காசு எங்க போனது எண்டு பாருங்கோ" என்பதே அவர்களது முதல் வார்த்தை.

ஒரு தடவை அடித்து நிற்கும் மணி

இந்த மோசடிகளில் எங்கும் பரவியிருப்பது மிஸ்ட் கோல் மோசடி. ஜப்பானில் இதற்கு ‘வன்கிரி’ என்று பெயர் வைத்தார்கள். ‘வன்’ என்றால் ஒன்று, ‘கிரி’ என்றால் வெட்டுதல். ஒரு மணி அடித்தவுடன் வெட்டிவிடுவது என்பது பொருள். 2000களின் தொடக்கத்தில் அங்கு பெரிதாகப் பேசப்பட்ட இந்த மோசடி பின்னர் உலகெங்கும் பரவியது.

அது நடக்கும் விதம் இதுதான். மோசடிக்காரர் கணினி மூலம் ஆயிரக்கணக்கான இலக்கங்களுக்கு அழைப்பு விடுவார். ஒரு மணி அடித்ததும் இணைப்பு துண்டிக்கப்படும். பதிலளிக்காத அழைப்புக்குக் கட்டணம் இல்லை என்பதால் அவருக்குச் செலவு மிகக் குறைவு. எமது தொலைபேசியில் ஒரு வெளிநாட்டு இலக்கம் மட்டும் பதிவாகியிருக்கும். நாம் திருப்பி எடுத்தால் அந்த அழைப்பு கூடிய கட்டணமுள்ள இலக்கமொன்றில் போய் விழும். அங்கே மனிதர் எவரும் இருக்கமாட்டார். பதிவு செய்யப்பட்ட மணிச்சத்தம், பாட்டு, ‘சற்றுப் பொறுங்கள்’ என்ற குரல், இவற்றில் ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். இன்னும் இணைப்புக் கிடைக்கவில்லை என்று எண்ணி நாம் காத்திருப்போம். ஆனால் கட்டணம் ஏறிக்கொண்டிருக்கும்.

அந்தப் பணம் எமது கம்பனியிடமிருந்து இடையிலுள்ள சர்வதேசக் கம்பனிகளுக்குப் போகும். அங்கிருந்து அந்த நாட்டுத் தொலைபேசிக் கம்பனிக்கும், அதிலிருந்து இலக்கத்தை வாடகைக்கு விடும் தரகருக்கும் போகும். கடைசியாக மோசடிக்காரருக்கு அவரது பங்கு கிடைக்கும். இந்தச் சங்கிலியில் உள்ள ஒவ்வொருவரும் எமது ரூபாவில் கொஞ்சம் கிள்ளி எடுத்துக்கொண்டே மிகுதியை அடுத்தவருக்குக் கொடுக்கிறார்கள். பொறுப்பு யாருடையது என்று கேட்கும்போது இதை மறந்துவிடக் கூடாது.

வட்ஸ்அப்பில் ஒரு செய்தி அடிக்கடி சுற்றி வருகிறது. இவ்வாறான இலக்கத்துக்குத் திருப்பி எடுத்தால் மூன்று செக்கனில் தொலைபேசியிலுள்ள பெயர்களும் வங்கி விபரங்களும் களவு போய்விடும் என்று அது சொல்கிறது. அது உண்மையல்ல. வெறுமனே அழைப்பு எடுப்பதால் அப்படி எதுவும் போகாது. போவது காசு மட்டும்தான். பிழையான பயம் பிடித்தவள் தொலைபேசியையே மூடி வைக்கிறாள். உண்மை தெரிந்தவள் எதைக் காப்பாற்ற வேண்டும் என்று தெரிந்து நடக்கிறாள்.

எங்களால் ஏன் விட முடிவதில்லை?

தெரியாத இலக்கம் என்றால் திருப்பி எடுக்காதீர்கள் என்று எல்லோரும் புத்திமதி சொல்கிறார்கள். நல்ல புத்திமதிதான். ஆனால் அது எல்லா வீட்டுக்கும் ஒரே அளவாகப் பொருந்துவதில்லை.

2006இல் சம்பூரிலிருந்தும் மூதூர் கிழக்கின் ஏனைய ஊர்களிலிருந்தும் இடம்பெயர்ந்தவர்கள் கிளிவெட்டி போன்ற இடங்களில் வருடக்கணக்காக முகாம்களில் இருந்தார்கள். சம்பூர் மக்கள் தமது காணிகளுக்குத் திரும்பத் தொடங்கியது 2015, 2016ஆம் ஆண்டுகளில்தான். இதற்கிடையில் குடும்பங்கள் சிதறின. ஒரு பிள்ளை கட்டாரில், ஒரு பிள்ளை கனடாவில், ஒருவர் தமிழ்நாட்டு முகாமில். இன்னொருவர் எங்கே என்று எவருக்கும் தெரியாது.

2008, 2009ஆம் ஆண்டுகளில் கொழும்பிலும் அதை அண்டிய பகுதிகளிலும் 11 பேர் கடத்தப்பட்ட வழக்கை எம்மில் பலர் அறிவோம். அவர்களில் சிலர் எமது திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் தடுத்து வைக்கப்பட்டிருந்தனர் என்று விசாரணையாளர்கள் நீதிமன்றத்துக்குத் தெரிவித்தார்கள். தடுத்து வைக்கப்பட்டிருந்த காலத்தில் பிள்ளை தொலைபேசியில் தம்முடன் பேசியதாகப் பெற்றோர் கூறினார்கள். இந்தச் செய்தியைப் பத்திரிகையில் வாசித்த ஒரு தாய் தெரியாத இலக்கத்தை எப்படிப் பார்ப்பாள்?

மூதூர்ப் பக்கத்து அம்மா ஒருவர் என்னிடம் வந்தார். அவரது மகன் பற்றி இன்றுவரை தகவல் இல்லை. இரவு இரண்டு மணிக்கு ஒரு வெளிநாட்டு இலக்கத்திலிருந்து ஒரு மணி அடித்து நின்றிருக்கிறது. அவர் திருப்பி எடுத்திருக்கிறார். மணி அடிப்பது போன்ற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. சீட்டுக் காசு கட்டுவது பற்றிப் பேசுவதற்காகப் போட்டிருந்த ரீலோட் முழுவதும் அதில் முடிந்துவிட்டது. விடிந்ததும் கடையில் மேலும் ரீலோட் போட்டு மறுபடியும் எடுத்திருக்கிறார்.

"ஏனம்மா ரெண்டாந்தரமும் எடுத்தனீங்கள்?" என்று கேட்டேன்.

"பிள்ளை, அது அவன்ர நம்பரா இருந்தா நான் என்ன செய்யிறது?" என்றார்.

மோசடிக்காரர் இந்த அம்மாவைத் தேடிப் பிடிக்கவில்லை. அவரது கணினி கண்டபாட்டில் எல்லா இலக்கங்களுக்கும் அடிக்கிறது. ஆனால் காத்திருக்கும் பெண்கள்தான் அதிகமாகத் திருப்பி எடுக்கிறோம். போர் எமக்கு விட்டுச்சென்ற காத்திருப்பு இப்போது இன்னொருவரின் வருமானமாகிறது. இதனால் ‘நீ ஏன் எடுத்தாய்’ என்ற கேள்வியோடு விடயத்தை முடித்துவிடுவதை நான் ஏற்றுக்கொள்வதில்லை.

சட்டத்தின் முன் யார் யார்?

நானும் அந்த அம்மாவும் கம்பனியின் வாடிக்கையாளர் நிலையத்துக்குப் போனோம். அங்கிருந்த தம்பி மரியாதையாகத்தான் பேசினார். "அம்மா, நீங்கள்தானே கோல் எடுத்திருக்கிறீங்க. கொம்பியூட்டர்ல பதிவாகி இருக்கு" என்றார். சட்டத்தில் கம்பனி நிற்கும் இடம் இதுதான். சிம் வாங்கும்போது நாம் ஒரு ஒப்பந்தத்துக்கு உட்படுகிறோம். எமது தொலைபேசியிலிருந்து போகும் அழைப்புகளுக்கு நாமே பணம் செலுத்த வேண்டும் என்பது அதன் அடிப்படை. முதற் பார்வையில் சட்டம் எமக்குச் சாதகமாக இல்லை என்பதைத் தெரிந்துகொண்டே பேச்சைத் தொடங்க வேண்டும். ஆனால் சட்டம் அந்த ஒரு வரியோடு முடிந்துவிடவில்லை. ஒவ்வொருவராகப் பார்ப்போம்.

முதலாவது, மோசடிக்காரர். எமது தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அதன் 398ஆம் பிரிவு ஏமாற்றுதல் என்றால் என்னவென்று விளக்குகிறது. பொய் சொல்வது மட்டும் ஏமாற்று அல்ல. நேர்மையற்ற விதமாக உண்மையை மறைப்பதும் ஏமாற்றே என்று அதே பிரிவு கூறுகிறது. மிஸ்ட் கோல் விடுபவர் எம்மிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஆயினும் அந்த இலக்கம் பணம் பறிக்கும் இலக்கம் என்ற உண்மையை மறைக்கிறார். ஏமாற்றிப் பொருளையோ பணத்தையோ பெறுவது 403ஆம் பிரிவின் கீழ் சிறைத்தண்டனைக்குரிய குற்றம். ஆகவே முதற் பொறுப்பு அவருடையதே. ஆனால் அவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதே தெரியாது. சில நூறு ரூபாவுக்காக மூதூர்ப் பொலிஸார் அவரைத் தேடிக் கடல் கடக்கப் போவதில்லை.

இரண்டாவது, இலக்கத்தை வாடகைக்கு விட்டவரும் அந்த நாட்டுக் கம்பனியும். தமது இலக்கம் எதற்குப் பயன்படுகிறது என்று பார்க்க வேண்டிய கடமை இவர்களுக்கு உண்டு. எனினும் இவர்களும் எமது நீதிமன்றங்களுக்கு எட்டாத தூரத்தில்தான் இருக்கிறார்கள்.

மூன்றாவது, எமது சொந்தத் தொலைபேசிக் கம்பனி. இது எமது நாட்டில் இருக்கிறது, அனுமதிப்பத்திரம் பெற்று இயங்குகிறது, எமது பணத்தை நேரடியாக அறவிடுகிறது. நள்ளிரவில் ஒரே வெளிநாட்டு இலக்கத்திலிருந்து ஆயிரக்கணக்கானோருக்கு ஒரு செக்கன் அழைப்புகள் வருவது வீட்டிலிருக்கும் எமக்குத் தெரியாது. கம்பனியின் கணினிக்குத் தெரியும். அவ்வாறான இலக்கங்களைத் தடுப்பதற்கான தொழில்நுட்பம் உலகில் பல வருடங்களாகப் பாவனையில் இருக்கிறது. தெரியக்கூடியவருக்கும் தடுக்கக்கூடியவருக்கும் பொறுப்பும் இருக்க வேண்டும் என்பது என் வாதம்.

இதற்கு எமது சட்டங்களிலும் பிடிமானம் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், வியாபாரி ஒருவர் நுகர்வோரைத் தவறாக வழிநடத்துவதைத் தடை செய்கிறது. சேவை ஒன்று உரிய கவனத்துடனும் திறமையுடனும் வழங்கப்பட வேண்டும் என்றும் எதிர்பார்க்கிறது. 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டம் இருக்கிறது. கவனக்குறைவுக்குப் பொறுப்பில்லை என்று கம்பனி ஒன்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டால், அந்த வாசகம் நியாயமானதா என்று நீதிமன்றம் பார்க்க அது இடமளிக்கிறது. நாம் வாசிக்காமல் கையெழுத்திட்ட தாளில் என்ன எழுதியிருந்தாலும் அதுவே கடைசி வார்த்தை என்று இல்லை.

நான்காவது, அரசு. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புகள் சட்டமும் 1996ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கத் திருத்தச் சட்டமும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு அதிகாரம் அளித்திருக்கின்றன. பாவனையாளரின் முறைப்பாட்டை விசாரிப்பதும் பரிகாரம் செய்யும்படி கம்பனியைப் பணிப்பதும் அந்த அதிகாரத்தில் அடங்கும். ஆனால் முறைப்பாடு போகாத இடத்தில் எந்த ஆணைக்குழுவும் தானாக எழுந்து வராது.

கடைசியாகத்தான் திருப்பி எடுத்தவள் வருகிறாள். நடைமுறையிலோ முழு நட்டமும் முதலில் அவள் தலையில்தான் விழுகிறது.

பிற நாடுகளில் நடந்தவை

இதெல்லாம் பேச்சுக்குச் சரி, நடக்கிற காரியமா என்று நீங்கள் கேட்கலாம். நடந்திருக்கிறது.

அமெரிக்காவில் 1990களில் ‘900’ என்று தொடங்கும் கட்டண இலக்கங்களால் பெரும் பிரச்சினை ஏற்பட்டது. 1992இல் அங்கு அதற்கென ஒரு சட்டம் இயற்றினார்கள். அழைப்பு இணைந்ததும் கட்டணம் எவ்வளவு என்று முதலில் சொல்ல வேண்டும். அதைக் கேட்டுவிட்டு உடனே வைத்துவிட்டால் பணம் அறவிடக் கூடாது. அந்தக் கட்டணத்தைச் செலுத்த மறுத்தார் என்பதற்காக வீட்டின் சாதாரணத் தொலைபேசி இணைப்பைத் துண்டிக்கவும் கூடாது.

அதே நாட்டில் 1996, 1997ஆம் ஆண்டுகளில் இன்னொன்று நடந்தது. இணையத்தில் சில படங்களைப் பார்க்க ஒரு மென்பொருளை இறக்கும்படி கூறினார்கள். அந்த மென்பொருள் ஓசையில்லாமல் வீட்டுத் தொலைபேசி இணைப்பை மொல்டோவா நாட்டு இலக்கத்துக்கு மாற்றிவிட்டது. ஆட்களுக்குப் பெருந்தொகையில் பில் வந்தது. அவர்களது தொலைபேசியிலிருந்துதான் அழைப்பு போயிருந்தது. கணினியிலும் பதிவாகியிருந்தது. ஆயினும் அந்நாட்டு வர்த்தக ஆணைக்குழு வழக்குத் தொடுத்தது. 1997இல் 38,000க்கும் அதிகமானோருக்கு ஏறத்தாழ 27 இலட்சம் டொலர் திரும்பக் கிடைக்க வழி செய்யப்பட்டது. உங்கள் தொலைபேசியிலிருந்துதான் போயிருக்கிறது என்ற பதில் அங்கே செல்லுபடியாகவில்லை.

இங்கிலாந்தில் எமது உறவினர் பலர் காலையில் பார்த்த தொலைக்காட்சி ஒன்றில் தொலைபேசிப் போட்டிகள் நடந்தன. வெற்றியாளரை முன்கூட்டியே தெரிந்தெடுத்துவிட்டு, தொடர்ந்தும் கட்டண இலக்கத்துக்கு அழைப்பு எடுக்கும்படி நேயர்களைக் கேட்டுக்கொண்டிருந்தது 2007இல் வெளிப்பட்டது. அழைப்புகளைக் கையாண்டது வேறொரு கம்பனி. ஆனால் ஒளிபரப்பிய ஜிஎம்ரிவி நிறுவனத்துக்கே 20 இலட்சம் பவுண் அபராதம் விதிக்கப்பட்டது. அழைப்புகளைக் கையாண்ட கம்பனிக்குத் தனியாக அபராதம் விழுந்தது. வேலையை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டேன் என்று சொல்லி எவரும் ஒதுங்க முடியவில்லை.

இந்தியாவில் பாட்டு, சோதிடம், கிரிக்கெட் செய்தி என்று கேட்காத சேவைகளைத் தொலைபேசியில் ஏற்றி நாளாந்தம் காசு கழிப்பது பெரிய குறைபாடாக இருந்தது. 2013இல் அந்நாட்டு ஒழுங்குமுறை அதிகாரசபை ஒரு பணிப்பு வெளியிட்டது. அவ்வாறான சேவையைத் தொடங்க முன்னர் பாவனையாளரின் சம்மதத்தை இரண்டு தடவை பெற வேண்டும் என்பதே அது.

எமக்கு இது புதிதாகத் தோன்ற வேண்டியதில்லை. கைத்தொலைபேசி பரவுவதற்கு முன்னர் நாம் எல்லோரும் கொமினிகேசன் கடைகளில் போய்த்தான் வெளிநாட்டுக்குப் பேசினோம். கூண்டுக்குள் ஒரு மீட்டர் இருக்கும். செக்கனுக்குச் செக்கன் எத்தனை ரூபா ஏறுகிறது என்று அதில் தெரியும். கையில் இருநூறு ரூபா இருந்தால் நூற்றித் தொண்ணூறில் ‘வைக்கிறன் ராசா’ என்று சொல்லி வைத்துவிடுவோம். விலை கண்ணுக்குத் தெரிந்தது. இன்று கையில் இருக்கும் தொலைபேசியில் அந்த மீட்டர் இல்லை. அதைத்தான் நாம் திரும்பக் கேட்க வேண்டும்.

உங்கள் பெயரில் இன்னொருவர்

இதே விடயத்தில் மறுபக்கப் பொறுப்பு ஒன்றும் இருக்கிறது. உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது, அதைப் பெறுவதற்கு இத்தனை ரூபா ரீலோட் அனுப்புங்கள் என்று உள்நாட்டு இலக்கங்களிலிருந்து வரும் அழைப்புகளை நீங்கள் அறிவீர்கள். அந்த அழைப்பை எடுப்பவர் தன் பெயரிலுள்ள சிம்மைப் பாவிப்பதில்லை. யாரோ ஒரு பெண்ணின் பெயரிலுள்ள சிம்மைத்தான் பாவிக்கிறார்.

குச்சவெளிப் பக்கத்துத் தங்கச்சி ஒருவருக்கு வேறு மாவட்டத்துப் பொலிஸிலிருந்து அழைப்பு வந்தது. அவரது அடையாள அட்டை இலக்கத்தில் பதிவான சிம் ஒன்றினூடாக யாரோ ஒருவரிடம் பணம் பறிக்கப்பட்டிருந்தது. சந்தைக்கு அருகில் கூடாரம் போட்டு இலவசமாக சிம் கொடுத்தவர்களிடம் அடையாள அட்டைப் பிரதி கொடுத்தது அவருக்கு நினைவிருந்தது. ஒரு சிம்தான் வாங்கினார். அவர் பெயரில் எத்தனை எழுதினார்கள் என்பது அவருக்குத் தெரியாது.

சிம் ஒருவர் பெயரில் இருப்பதனால் மட்டும் அவர் குற்றவாளி ஆகிவிடமாட்டார். மோசடியைச் செய்தவர் யார் என்பதை வழக்குத் தொடுப்பவர்தான் நிரூபிக்க வேண்டும். ஆனால் விசாரணைக்குப் போய் வருவதற்கு பஸ் காசும், ஒரு நாள் கூலியும், ஊராரின் பேச்சும் அவளுக்குத்தான். நிவாரணம், சங்கம், கடன், பதிவு என்று நாம் எத்தனை இடங்களில் அடையாள அட்டைப் பிரதியைக் கொடுத்திருக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். இனிமேல் கொடுக்கும் ஒவ்வொரு பிரதியின் மேலும் குறுக்காக ‘இன்ன தேவைக்கு மட்டும்’ என்று எழுதித் திகதியும் இடுங்கள். தொலைபேசிக் கம்பனிகளின் நிலையங்களுக்கு அடையாள அட்டையுடன் போய் உங்கள் பெயரில் எத்தனை சிம் பதிவாகியிருக்கிறது என்று கேளுங்கள். உங்களுடையது அல்லாதவற்றை நிறுத்தும்படி எழுத்தில் கொடுங்கள்.

நாம் செய்யக்கூடியவை

இலங்கைக்குள் வரும் அழைப்புக்குப் பதிலளிப்பதால் எமக்குக் காசு போவதில்லை. ஆகவே மணி அடிக்கும்போது எடுத்துப் பேசலாம். திருப்பி எடுப்பதற்கு முன்னர்தான் நிதானம் தேவை. உண்மையாக உங்களைத் தேடுபவர் ஒரு மணியோடு நிறுத்தமாட்டார். மறுபடியும் எடுப்பார், அல்லது செய்தி அனுப்புவார்.

இலக்கத்தின் தொடக்கத்தைப் பாருங்கள். 974 கட்டார், 966 சவுதி, 965 குவைத், 971 அமீரகம், 91 இந்தியா, 44 இங்கிலாந்து, 41 சுவிஸ், 33 பிரான்ஸ், 61 அவுஸ்திரேலியா. கனடாவுக்கு 1 என்பதால் அதில்தான் அதிக குழப்பம் ஏற்படுகிறது. கனடா, அமெரிக்கா ஆகியவற்றுடன் கரீபியன் தீவுகள் பலவும் அதே 1இல்தான் தொடங்குகின்றன. 1க்கு அடுத்த மூன்று எண்களைப் பாருங்கள். 416, 647 என்பன ரொறன்ரோ. 876 ஜமெய்க்கா. 809 டொமினிக்கன் குடியரசு. அமெரிக்காவிலேயே 809ஐ உள்ளூர் இலக்கம் என்று எண்ணி ஏமாந்தவர்கள் 1990களில் பலர் இருந்தார்கள்.

வெளிநாட்டிலுள்ள உங்கள் பிள்ளைகளின் இலக்கங்களை ஒரு கொப்பியிலும் எழுதி வையுங்கள். புதிய இலக்கம் எடுத்தால் முதலில் ஒரு செய்தி அனுப்பும்படி அவர்களிடம் சொல்லி வையுங்கள். வெளிநாட்டுக்கு அழைப்பு எடுக்கும் தேவையே இல்லாதவர்கள் அந்த வசதியைத் தடுத்துவிடும்படி கம்பனியிடம் கேட்கலாம். அப்போதும் வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புகள் வழமைபோல வரும்.

காணாமற்போன உறவு பற்றித் தகவல் தருகிறேன் என்று எவராவது ரீலோட்டோ பணமோ கேட்டால் அனுப்ப வேண்டாம். எந்த அரச அலுவலகமும் ஆணைக்குழுவும் அவ்வாறு கேட்பதில்லை. இலக்கத்தையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, உங்களுக்கு நம்பிக்கையான ஒருவருடன் பொலிஸ் நிலையத்துக்குச் சென்று முறைப்பாடு பதியுங்கள்.

பணம் போய்விட்டதென்றால் முதல் முறைப்பாடு கம்பனிக்கு. அதை எழுத்தில் கொடுத்துப் பிரதியில் திகதியும் கையொப்பமும் வாங்குங்கள். மாதாந்த பில் முறையில் உள்ளவர்கள் பில்லைக் கட்டாமல் சும்மா இருக்க வேண்டாம். சர்ச்சைக்குரிய அழைப்பின் தொகையைக் குறிப்பிட்டு ஆட்சேபித்து, மிகுதியைக் கட்டிப் பற்றுச்சீட்டைப் பெறுங்கள். கம்பனி தகுந்த பதில் தராவிட்டால் அந்தப் பிரதியை இணைத்து இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு, 276, எல்விற்றிகல மாவத்தை, கொழும்பு 08 என்ற முகவரிக்கு அனுப்புங்கள். அவர்களது துரித இலக்கம் 1900. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் இலக்கம் 1977. 1987இன் 13ஆம், 1988இன் 16ஆம் அரசியலமைப்புத் திருத்தங்களின்படி தமிழும் அரச கரும மொழி. அரச அலுவலகம் ஒன்றுக்குத் தமிழில் எழுதித் தமிழில் பதில் பெறுவது எமது உரிமை. ஆங்கிலம் தெரியாதே என்று பின்வாங்க வேண்டாம்.

கடிதத்தை இவ்வாறு எழுதலாம்:

‘எனது பெயரிலுள்ள ........ என்னும் இலக்கத்துக்கு ........ஆம் திகதி ........ மணிக்கு ........ என்னும் வெளிநாட்டு இலக்கத்திலிருந்து ஒரு தடவை மட்டும் அழைப்பு வந்து நின்றது. குடும்ப உறவினராக இருக்கலாம் என எண்ணித் திருப்பி எடுத்தேன். எவரும் பேசவில்லை. கட்டணம் பற்றி எவ்வித அறிவித்தலும் தரப்படவில்லை. எனக்கு ........ ரூபா கழிக்கப்பட்டது. அந்த இலக்கம் பற்றி உங்களுக்கு முன்னர் முறைப்பாடு கிடைத்துள்ளதா, அதைத் தடுக்க எடுத்த நடவடிக்கை என்ன என்பவற்றை எழுத்தில் அறியத் தருமாறும், கழிக்கப்பட்ட தொகையை மீள வழங்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.’

இக்கடிதத்தில் கடைசி வசனம்தான் முக்கியமானது. மூதூர் அம்மாவுக்கும் இதையே எழுதினோம். சில வாரங்களுக்குப் பின்னர் கம்பனியிலிருந்து பேசினார்கள். நல்லெண்ணத்தின் பேரில் தொகையின் ஒரு பகுதியைத் திரும்ப வைப்பிலிடுகிறோம் என்றார்கள். வைப்பிலிட்டார்கள். அம்மாவுக்குச் சந்தோஷம். நானும் நன்றி சொன்னேன். ஆனால் நல்லெண்ணம் என்ற சொல்லை எமது கோப்பில் சிவப்புப் பேனையால் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன். நல்லெண்ணத்தில் தருபவர் நாளை தராமலும் விடலாம். பொறுப்பு என்று ஏற்றுக்கொண்டால் தடுக்கவும் வேண்டும், தரவும் வேண்டும்.

சகோதரிகளே, இதில் பணத்தை இழந்தவர்களில் அநேகர் வீட்டாருக்கும் சொல்வதில்லை. விசரி என்று ஏசுவார்கள் என்ற பயம். நூறு, இருநூறு ரூபாவுக்காக யார் கடிதம் எழுதுவது என்ற சலிப்பு. எம்மிடம் ஒவ்வொருவராகக் கிள்ளியெடுக்கும் சிறு தொகைதான் அவர்களிடம் பெருந்தொகையாகச் சேர்கிறது. ஒரு பெண்ணின் கடிதம் தனி முறைப்பாடு. ஒரே இலக்கம் பற்றி ஒரு கிராமத்திலிருந்து இருபது கடிதங்கள் போனால், எமக்குத் தெரியாது என்று கம்பனி சொல்ல முடியாது. அடுத்த சங்கக் கூட்டத்துக்கு வரும்போது தொலைபேசியையும் கையோடு கொண்டு வாருங்கள். தெரியாத இலக்கங்களை ஒரு தாளில் சேர்த்து எழுதுவோம். கடிதத்தின் கீழ் எல்லோரும் பெயரைப் போடுவோம்.